நேற்று அந்தப் பிழை எங்கே இருந்தது?

ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதியான கெர்னல் தன் பதிவேட்டில் எழுதும் செய்திகள் பெரும்பாலும் நடந்து முடிந்தவற்றைப் பற்றியவை. டிஸ்க் படிக்க மறுத்தது, நெட்வொர்க் இணைப்பு அறுந்தது, ஏதோ ஒரு பணி 120 விநாடிகளாக அசையாமல் நிற்கிறது. லினக்ஸ் கெர்னலிலிருந்து வரும் ஒரு செய்தி வேறு ரகம். பூட்டுகளுக்கு இடையில் சுழற்சியான சார்பு உண்டாக இடமிருக்கிறது என்று அது சொல்லும். அந்த நேரத்தில் எதுவும் உறைந்துபோயிருக்காது. கோப்புகள் திறக்கும், பக்கங்கள் வந்துகொண்டிருக்கும். ஓடுகிற இயந்திரத்தைப் பார்த்தே, இது நின்றுபோகக்கூடிய இயந்திரம் என்று கெர்னல் குற்றம் சாட்டுகிறது.

ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றிய மறுநாள் இப்படியொரு செய்தி கண்ணில் பட்டால், இயந்திரத்தைப் பராமரிப்பவர் வாயிலிருந்து முதலில் வருவது எந்த ஊரிலும் ஒரே பேச்சுதான்: நேற்றுவரை நன்றாகத்தானே ஓடியது! நியாயமான ஆதங்கம். அதற்குள் இந்தியத் தத்துவத்தின் மிகப் பழைய வழக்குகளில் ஒன்று அடங்கியிருக்கிறது. காரியம் வெளிப்படுவதற்கு முன்னால் அது காரணத்தில் இருந்ததா, இல்லையா?

கெர்னலில் பூட்டு என்பது ஓர் ஒப்பந்தம். இரண்டு வேலைகள் ஒரே தரவை ஒரே நேரத்தில் மாற்றினால் தரவு கெடும். ஆகவே மாற்றப் போவது எதுவானாலும் முதலில் பூட்டை எடுக்க வேண்டும், முடித்ததும் விட வேண்டும். ஒரு பூட்டோடு நிற்கும்வரை தொல்லை குறைவு. இரண்டு பூட்டுகள் சேர்ந்து தேவைப்படும் இடத்தில்தான் வினை தொடங்குகிறது. ஒரு பாதை முதலில் கோப்புக்குரிய பூட்டையும் அடுத்து நினைவக வரைபடத்துக்குரிய பூட்டையும் எடுக்கிறது. வேறொருவர் வேறோர் ஆண்டில் எழுதிய இன்னொரு பாதை அதே இரண்டையும் தலைகீழாக எடுக்கிறது. இரண்டும் பாதி வழியில் ஒரே கணத்தில் சந்தித்தால், ஒவ்வொன்றும் மற்றதிடம் இருக்கும் பூட்டுக்காகக் காத்துக்கொண்டே இருக்கும். இதுதான் டெட்லாக். காஃப்மன், எல்ஃபிக், ஷோஷானி என்ற மூவர் 1971இல் எழுதிய கட்டுரை இதற்கு நான்கு நிபந்தனைகளைச் சொன்னது. பொருளை ஒரு நேரத்தில் ஒருவர்தான் வைத்திருக்க முடியும். வைத்துக்கொண்டே இன்னொன்றுக்குக் காத்திருக்கலாம். யாரிடமிருந்தும் பிடுங்க முடியாது. காத்திருப்பவர்களின் வரிசை வட்டமாக மூடிக்கொள்ள வேண்டும். முதல் மூன்றும் அமைப்பின் சட்டங்கள், அவை எப்போதும் அங்கே இருக்கின்றன. நான்காவது மட்டும் ஒரு கணத்தில் வந்து சேர்கிறது.

இதில் பலர் கவனிக்கத் தவறுவது ஒன்று உண்டு. இரண்டு பாதைகளையும் தனித்தனியாக எடுத்துப் படித்தால் எதிலும் தவறு இல்லை. முதல் பாதையை எழுதியவரும் சரியாக எழுதினார், இரண்டாவதை எழுதியவரும் சரியாக எழுதினார். பிழை எந்த வரியிலும் இல்லை; இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அதனால்தான் கெர்னலின் நினைவக மேலாண்மைக் கோப்புகள் சிலவற்றின் தலைப்பிலேயே எந்தப் பூட்டுக்குள் எந்தப் பூட்டு வரலாம் என்ற வரிசையைப் படிப்படியாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

இனி, மேம்படுத்துதல் என்ன செய்கிறது என்று பார்க்கலாம். ஒற்றைச் சிபியுவுக்காகக் கட்டப்படும் எளிய கெர்னலில் ஸ்பின்லாக் என்ற வகைப் பூட்டு, கம்பைல் ஆகும்போதே கரைந்து ஒன்றுமில்லாமல் போய்விடும். போட்டியிட இரண்டாவது சிபியு இல்லாத இடத்தில் அது எதற்கு? ஆகவே பூட்டைத் தவறாக எடுத்த டிரைவரும், எடுத்ததை விட மறந்த டிரைவரும் அங்கே ஒரு குறையும் தெரியாமல் ஓடின. லினக்ஸ் 1996இல் 2.0 பதிப்போடு பல சிபியு இயந்திரங்களுக்கு வந்தபோது, முழுக் கெர்னலுக்கும் சேர்த்து ஒரே பெரிய பூட்டைப் போட்டார்கள். அந்தப் பூட்டு மிகவும் இரக்கமுள்ளது. வைத்திருப்பவரே மறுபடி கேட்டாலும் கொடுக்கும். வைத்திருப்பவர் தூங்கப் போனால் தானாகவே கைமாறி, விழித்ததும் திரும்ப வரும். அந்த இரக்கத்தின் நிழலில் ஒழுங்கற்ற எத்தனையோ வழக்கங்கள் வளர்ந்தன. 2011இல் 2.6.39 பதிப்பு வரும்வரை அதைச் சிறிது சிறிதாக அகற்றினார்கள். அகற்றும்போது ஒவ்வொரு இடத்திலும் கேட்க வேண்டியிருந்த கேள்வி: இந்தப் பூட்டு இங்கே எதைக் காத்துக்கொண்டிருந்தது?

பழைய நிழல் விலகியதும் தெரிந்த பிழைகள் புதியவையா, பழையவையா?

இந்தியத் தத்துவ மரபுகளில் ஒன்றான சாங்கியத்தைச் சேர்ந்தவர்கள் பழையவை என்பார்கள். ஈசுவரகிருஷ்ணரின் சாங்கிய காரிகை தன் ஒன்பதாம் காரிகையில், காரியம் முன்னமே காரணத்தில் இருக்கிறது என்பதற்கு ஐந்து காரணங்களை அடுக்குகிறது. இல்லாததை யாராலும் உண்டாக்க முடியாது; எதிலிருந்து வேண்டுமானாலும் எது வேண்டுமானாலும் வந்துவிடாது; ஆற்றல் உள்ள பொருள்தான் தன் ஆற்றலுக்கு உட்பட்டதைத் தரும் என்று போகிறது அந்த வாதம். சைவ சித்தாந்தமும் இந்தச் சற்காரியவாதத்தையே ஏற்றது. நியாய வைசேடிகர் ஒப்ப மாட்டார்கள். காரியம் புத்தம் புதிது. தோன்றும் கணம்வரை அது இல்லவே இல்லை. அந்த இல்லாமைக்குத் தனிப் பெயரே உண்டு, முன்னபாவம் என்று. 18ஆம் நூற்றாண்டில் திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர் நியாய மரபின் தர்க்க சங்கிரகத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். சிவஞானபோதத்துக்கு மாபாடியம் எழுதியவரும் அவர்தான். அங்கே அவர் நிற்பது சற்காரியவாதத்தின் பக்கம். தான் மறுக்கும் கட்சியின் தர்க்க நூலை அவ்வளவு பொறுப்போடு தமிழாக்கிய மனம் வணங்கத்தக்கது. இந்த வழக்கைப் பேச வருபவருக்கும் அந்தப் பொறுமை வேண்டும், ஏனென்றால் கெர்னல் இரண்டு கட்சிக்கும் சான்று கொடுக்கிறது.

நியாயத்தின் பக்கம் பேசும் சான்று அண்மையது. உடனடி எதிர்வினை தேவைப்படும் கருவிகளுக்கான பிரீஎம்ப்ட் ஆர்டி என்ற திருத்தத் தொகுப்பு, ஏறத்தாழ 20 ஆண்டுகள் தனியாக வளர்ந்து, 2024இல் வந்த 6.12 பதிப்பில் கெர்னலின் மைய மரத்தோடு முழுமையாக இணைந்தது. அதை இயக்கிக் கட்டிய கெர்னலில் சாதாரண ஸ்பின்லாக் தூங்கக்கூடிய பூட்டாக மாறிவிடும். தூங்கக் கூடாத இடத்தில் அதை எடுத்த வரி, பழைய கெர்னலில் முற்றிலும் முறையானது. புதிய கெர்னலில் குற்றம். ஓர் எழுத்துகூட மாறவில்லை. மாறியது அந்த வரி நிற்கும் உலகம். இங்கே பிழை நேற்றே இருந்தது என்று சொன்னால் அது அநியாயம். எழுதியவர் அன்றைய விதிப்படி நடந்தார். விதி பின்னால் வந்தது.

சாங்கியத்தின் பக்கம் பேசும் சான்று இதைவிடக் கனமானது. அதில் மனிதர்கள் இறந்திருக்கிறார்கள்.

தெராக்-25 என்ற புற்றுநோய்க் கதிர்வீச்சுக் கருவி 1985 ஜூன் முதல் 1987 ஜனவரி வரை ஆறு நோயாளிகளுக்குப் பெரும் மிகைக் கதிர்வீச்சைக் கொடுத்தது. டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் நகரில் 1986 மார்ச்சிலும் ஏப்ரலிலும் அதற்கு ஆளான இருவர் உயிரிழந்தார்கள். அங்கே நடந்தது இது. கருவியை இயக்கியவர் திரையில் கதிரின் வகையைத் தவறாகத் தட்டி, உடனே மேலே போய்த் திருத்தினார். காந்தங்கள் தங்கள் நிலைக்கு வர எடுக்கும் 8 விநாடிகளுக்குள் அந்தத் திருத்தம் முடிந்துவிட்டால், கருவியின் ஒரு பகுதி பழைய கட்டளையையும் இன்னொரு பகுதி புதிய கட்டளையையும் வைத்துக்கொண்டு இயங்கியது. இரண்டு வேலைகள் ஒரே தரவைப் பாதுகாப்பின்றிப் பகிர்ந்ததால் வந்த வினை. மருத்துவமனையின் இயற்பியலாளரும் கருவியை இயக்கியவரும் மீண்டும் மீண்டும் தட்டிப் பார்த்து, வேகமே திறவுகோல் என்று கண்டுபிடித்தார்கள். வேலையில் நன்கு பழகிய கை மட்டுமே அந்த வேகத்தை எட்டும்.

முந்தைய மாடலான தெராக்-20இலும் அதே வகைப் பிழை இருந்தது பின்னால் தெரியவந்தது. சிகாகோவில் மாணவர்கள் தாறுமாறாகத் தட்டிப் பழகும்போது அந்தக் கருவியின் ஃபியூஸ் அடிக்கடி போய்க்கொண்டிருந்தது. அவ்வளவுதான். அதில் தனியான வன்பொருள் தடுப்புகள் இருந்தன. மென்பொருள் தவறினால் அவை கதிரை வெளியே விடாமல் மின்சாரத்தை அறுத்துவிடும். புதிய மாடலில் அந்தத் தடுப்புகளை எடுத்துவிட்டு மென்பொருளை நம்பினார்கள். பழைய மாடல் நன்றாக ஓடியது என்ற அனுபவமே அந்த நம்பிக்கைக்கு ஊட்டமாயிற்று. சாங்கியர் சுட்டும் வெளிப்படாத நிலைக்கு இதைவிடத் துல்லியமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. காரியம் உள்ளே இருந்தது. தடை இருந்ததால் தெரியவில்லை. தடையை நீக்கினார்கள், தெரிந்தது. ஃபியூஸ் போன ஒவ்வொரு தடவையும் அது தன்னைத் தெரிவித்துக்கொண்டும் இருந்தது. ஒரு முன்னபாவம் ஃபியூஸை எரிக்காது.

ஆகவே, நேற்றுவரை நன்றாக ஓடியது என்பது பிழையின்மைக்குச் சான்றாகாது. அது நேற்றைய சந்தர்ப்பங்களுக்குத்தான் சான்று.

சரி, வெளிப்படாததை அறிவது எப்படி? மணிமேகலைக் காப்பியம் இந்த இடத்தில் கைகொடுக்கிறது. வஞ்சி நகரத்தில் சமயவாதிகளின் கொள்கைகளைக் காப்பியத் தலைவி கேட்கும் காதையில் அளவைவாதி முதலில் பேசுகிறார். அனுமானத்தைப் பொது, எச்சம், முதல் என மூன்றாகப் பிரிக்கிறார். ஆற்றில் வெள்ளத்தைப் பார்த்து மேலே மழை பெய்திருக்கிறது என்று அறிவது எச்சம். சூல்கொண்ட மேகத்தைப் பார்த்து மழை வரும் என்று அறிவது முதல். கெர்னல் பிழை தேடுபவர்கள் பெரும்பாலும் எச்சத்தில் வாழ்கிறார்கள். இயந்திரம் உறைந்தபின் நினைவகத்தை அப்படியே ஒரு கோப்பில் இறக்கி, எந்தப் பணி எந்தப் பூட்டைப் பிடித்துக்கொண்டு எதற்காக நிற்கிறது என்று பின்னோக்கிப் படிக்கிறார்கள்.

எச்சத்துக்கு ஒரு கடுமையான எல்லை உண்டு. வெள்ளம் வராமல் அது வேலை செய்யாது. பூட்டுப் பிழைகளோ, பார்க்கப் போனால் ஒளிந்துகொள்பவை. கூடுதல் பதிவுகளை எழுதச் சொன்னால் வேகம் சற்று மாறும். அந்த மாற்றத்தில் இரண்டு பாதைகளும் சந்திக்காமல் தப்பிப் போகும். 1997 ஜூலை 4ஆம் தேதி செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலம் இதை நாசாவின் பொறியாளர்களுக்குக் கற்பித்தது. வானிலைத் தரவு திரட்டும் குறைந்த முன்னுரிமைப் பணி ஒரு பூட்டை வைத்திருக்கும்போதே நடுத்தர முன்னுரிமைப் பணிகள் சிபியுவைப் பிடித்துக்கொண்டன. அந்தப் பூட்டுக்காக உயர்ந்த முன்னுரிமைப் பணி காத்துக் கிடந்தது. அது குறித்த நேரத்தில் முடியாததைக் கண்ட கலம் தன்னைத்தானே மறுபடி மறுபடி ரீசெட் செய்துகொண்டது. பூமியில் வைத்திருந்த நகல் கருவியில் அதே நிலையை வரவழைத்து, பூட்டை வைத்திருக்கும் பணிக்குக் காத்திருக்கும் பணியின் முன்னுரிமையை மரபுரிமையாகக் கொடுக்கும் ஓர் அமைப்பை இயக்கிச் சரி செய்தார்கள். இதே ரீசெட் ஏவுவதற்கு முந்தைய சோதனைகளிலும் எட்டிப் பார்த்திருந்தது. தேடியபோது மறுபடி வரவில்லை. இப்படிப் பார்த்தால் மறையும் பிழைகளுக்கு ஹைசன்பக் என்ற பெயரை 1985இல் ஜிம் கிரே தன் கட்டுரை ஒன்றில் எடுத்தாண்டார்.

தொடக்கத்தில் பார்த்த எச்சரிக்கையை எழுதும் லாக்டெப், அளவைவாதி ‘முதல்’ என்று பெயரிட்ட அனுமான வகையைச் சேர்ந்தது. இங்கோ மோல்நார் உருவாக்கி 2006இல் 2.6.18 பதிப்பில் சேர்ந்த இந்தச் சோதகருக்கு டெட்லாக்கைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. எந்தப் பூட்டை வைத்திருக்கும்போது எந்தப் பூட்டு எடுக்கப்பட்டது என்பதை மட்டும் அது குறித்துக்கொண்டே வருகிறது. திங்கட்கிழமை ஒரு வரிசை, வியாழக்கிழமை இன்னொரு பணியில் தலைகீழ் வரிசை. இரண்டும் ஒரு நாளும் சந்தித்திராவிட்டாலும் வரைபடத்தில் வட்டம் மூடிவிட்டது, எச்சரிக்கை வந்துவிடும். அது நேரத்தைப் பார்க்காமல் வரிசையை மட்டும் பார்ப்பதால், பார்க்கும்போது ஒளிகிற பிழை இதனிடம் ஒளிய முடியாது. எத்தனை ஆயிரம் கோப்புகள் திறந்திருந்தாலும் ஒரே வகைப் பூட்டுகளை ஒரு வர்க்கமாகவே அது எண்ணுகிறது. தனிப் பொருளிலிருந்து இனத்துக்குப் போவது எந்த அனுமானத்துக்கும் உயிர்நாடி. நியாயர் அதை வியாப்தி என்ற பெயரில் எத்தனையோ ஏடுகளில் ஆராய்ந்தார்கள்.

மேம்படுத்திய இயந்திரத்தைச் சரிபார்ப்பவர் இதனால் நடைமுறையில் அறிய வேண்டியவை சில. இந்தச் சோதனை வேகத்தைக் குறைக்கும் என்பதால் வழக்கமாக நிறுவப்படும் கெர்னல்களில் அணைத்தே இருக்கும். ஃபெடோரா போன்றவை பிழை தேடுவதற்கென்றே தனி டீபக் கெர்னல் தருகின்றன, அதில் அது இயங்கும். முதல் குற்றத்தைச் சொன்னதுமே லாக்டெப் தன்னை அணைத்துக்கொள்ளும். ஆக, பதிவேட்டில் இருக்கும் ஒற்றை எச்சரிக்கை வேறு யாருடைய டிரைவரையோ பற்றியதாக இருந்தால், அதற்குப் பின்னால் வரவேண்டிய எச்சரிக்கைகள் வராமலே போகும். முதலாவதைச் சரி செய்து, இயந்திரத்தை மறுபடி தொடங்கித்தான் அடுத்ததைக் கேட்க முடியும்.

இனி, பொறுப்பு யாருடையது என்ற கேள்வி. கெர்னலின் ஒரு பதிப்புக்கும் அடுத்த பதிப்புக்கும் இடையில் 10,000க்கும் மேற்பட்ட திருத்தங்கள் நுழைகின்றன. அவற்றில் குற்றவாளியைப் பிடிக்க கிட் பைசெக்ட் என்ற முறை உண்டு. நடுவில் இருக்கும் திருத்தத்தை எடுத்துச் சோதிப்பது, பிழை வந்தால் முன்பாதி, வராவிட்டால் பின்பாதி என்று ஒவ்வொரு முறையும் பாதியாகக் குறைப்பது. 14 சோதனைகளில் ஒரே திருத்தம் மிஞ்சும். அது இருக்கும்போது பிழை உண்டு, இல்லாதபோது பிழை இல்லை. நியாயர் அன்வயம், வியதிரேகம் என்று சொல்லும் அதே உரைகல். அழகான முறை, மிகவும் பயன்படுவது. ஆனால் பூட்டுப் பிழைகளில் அது காட்டும் திருத்தம் பல வேளைகளில் ஒரு பணியைச் சிறிது வேகப்படுத்தியதாகவே இருக்கும். வேகம் கூடியதால் முன்பு சந்திக்காத இரண்டு பாதைகள் சந்தித்திருக்கும். பானைக்கு முன்னால் தவறாமல் வரும் எல்லாமே பானைக்குக் காரணமாகாது என்று நியாய நூல்கள் எச்சரிக்கும். மண்ணைச் சுமந்து வந்த கழுதையும் பானைக்கு முன்னால் வந்ததுதான். குயவன், சக்கரம், மண் ஆகியவை காரணம். கழுதை அன்னியதாசித்தம், வேறு வகையில் வந்து சேர்ந்தது.

ஆனால் அந்தக் கழுதைக்குப் பொறுப்பே இல்லையா என்றால், கெர்னல் சமூகம் இரண்டு விதமாகப் பதில் சொல்கிறது. ஒருவர் தன் கணினியில் வழக்கமாக ஓட்டும் புரோகிராம் புதிய கெர்னலில் உடைந்துபோனால், அந்தப் புரோகிராமே தவறாக எழுதப்பட்டிருந்தாலும், குற்றம் கெர்னலுடையது என்பது லினஸ் டோர்வால்ட்ஸ் விடாப்பிடியாகக் காத்துவரும் விதி. கெர்னலுக்கு உள்ளே புகுந்து ஓடும் வெளியார் டிரைவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. உள் இடைமுகங்கள் மாறாது என்ற உறுதி தரப்பட மாட்டாது என்று கெர்னல் ஆவணங்களே வெளிப்படையாக எழுதியிருக்கின்றன. வெளிநோக்கில் இது முரணாகத் தெரியலாம். யோசித்தால் ஆழமான நீதி ஒன்று புலப்படும். காரணம் எது என்பதும் சுமக்க வேண்டியது யார் என்பதும் ஒரே கேள்வி அல்ல. திருத்திக்கொள்ள வழியில்லாத பயனர் முன்னால், வெளிப்படுத்தியவரே சுமக்கிறார். பூட்டின் வரிசையைக் கற்றுக்கொள்ளக் கூடியவர் முன்னால், கற்றுக்கொள்ளாதவர் சுமக்கிறார். பழைய கெர்னலுக்குத் திரும்பிப் போவதும் இந்தக் கணக்கில்தான் வரும். நோயாளிகள் காத்திருக்கும் மருத்துவமனையின் சர்வரை இன்றிரவு பழைய கெர்னலில் ஏற்றுவது கடமை. அதோடு பிழை தீர்ந்தது என்று குறித்துவைப்பது பொய்.

சற்காரியவாதத்தை அப்படியே விழுங்கவும் முடியாது. லாக்டெப் காட்டும் வட்டங்களில் சில ஒரு நாளும் மூடாதவை. தாய் டைரக்டரியின் பூட்டை எடுத்துவிட்டு உள்ளிருக்கும் கோப்பின் பூட்டை எடுப்பது கோப்பு முறைமையில் அன்றாட வேலை. இரண்டும் ஒரே இனத்துப் பூட்டுகள். ஒரே பூட்டை இருமுறை எடுப்பதாக லாக்டெப் எண்ணிவிடும். மேலிருந்து கீழே மட்டும் போகும்வரை அங்கே டெட்லாக் வர வழியே இல்லை. இனத்தைப் பார்த்துச் சொல்லும் அனுமானம் தனிப் பொருள்களின் உறவைத் தவற விடும் இடம் இது. சாங்கிய காரிகையின் அந்த ஐந்து காரணங்களுள் ஒன்று, ஆற்றல் உள்ளதுதான் தரும் என்பது. வரைபடத்தில் வட்டம் இருப்பதையும் இயந்திரத்தில் ஆற்றல் இருப்பதையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது என்று அதையே இங்கே திருப்பி வாசிக்க வேண்டியிருக்கிறது.

இந்தச் சிக்கலுக்குக் கெர்னல் கண்ட வழி, புரோகிராமரின் வாக்கை ஏற்பது. இந்த இரண்டும் தாய், சேய். தாய்க்குப் பிறகே சேய் எடுக்கப்படும் என்று எழுதியவர் நிரலிலேயே குறித்துவிடலாம். லாக்டெப் அதன்பின் கேள்வி கேட்காது. காட்சியும் அனுமானமும் ஓய்ந்த இடத்தில், அறிந்தவர் சொல்லே பிரமாணமாக உட்காருகிறது. அந்தச் சொல் தவறானால் இல்லாத பிழைக்கு எச்சரிக்கை வரும், அல்லது இருக்கும் பிழைக்கு எச்சரிக்கை வராமல் போகும் என்று லாக்டெப்பின் ஆவணம் எச்சரிக்கிறது. எனவே மேம்படுத்தலுக்குப் பிறகு இயந்திரம் உறைந்து, லாக்டெப்பும் மௌனமாக இருந்தால், தேடுபவர் திறந்து பார்க்க வேண்டிய இடங்களில் அந்தக் குறிப்புகள் முன்வரிசையில் வருகின்றன: யார் எப்போது இந்த வாக்கைக் கொடுத்தார், அதற்குப் பின் வந்த பதிப்புகளில் தாயும் சேயும் எடுக்கப்படும் வரிசையை யாரேனும் மாற்றியிருக்கிறார்களா, மாற்றியவர் இந்தக் குறிப்பைப் படித்தாரா.